கடைசிப் பந்தி

"நான் ஒரு பதிலி."

திரையில் மறுபடியும் அதே வரி. மிருதுளாவுக்குப் பல்லைக் கடிக்கலாம் போலிருந்தது. உனக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் நான் ஒரு பதிலி. எதைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தாய் என்று கேட்டாலும் நான் ஒரு பதிலி. கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையின் நான்காம் மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, ஒரு கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து விடிந்ததிலிருந்து அவள் இதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இந்த நிரல்மொழியை வடிவமைத்த புண்ணியவான்கள் ஒருநாளாவது இப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பிழை தேடியிருக்க மாட்டார்கள் என்பது அவளுடைய உறுதியான அபிப்பிராயம்.

பதிலி என்றால் என்னவென்று இப்போது எல்லோருக்கும் தெரியும். அறுபது தாண்டியவர்கள் ஆளுக்கொன்று செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்து வருடங்கள் ஆகிவிட்டன. நாளைக்கு நினைவு தப்பி மூச்சு இயந்திரத்தில் கிடக்கும்போது, தொடரட்டுமா போதுமா என்று யாரைக் கேட்பது? பிள்ளைகளைக் கேட்டால் சண்டை வருகிறது. அதனால் தெம்பாக இருக்கும்போதே பதிலி ஆணையத்தின் ஆட்கள் வந்து கையில் ஒரு பட்டையைக் கட்டுவார்கள். நாடியையும் குரலையும் அளந்து, கேள்விமேல் கேள்வி கேட்டு, உயிர்மேல் இவருக்கு இருக்கும் பிடிப்பு இவ்வளவு என்று ஒரு மதிப்பை எடுத்து, அதை உள்ளே வைத்து, கேட்டால் பதில் சொல்லும் ஒரு சின்ன நிரலை, ஒரு சார்பை, எழுதி மூடிவிடுவார்கள். அதன்பிறகு அதைக் கூப்பிட்டுக் கேட்கலாம், திறந்து பார்க்க முடியாது. மூன்று காலை விடாமல் 'போதும்' என்று அது சொல்லிவிட்டால் இயந்திரத்தை எடுத்துவிடுவார்கள்.

உள்ளே படுத்திருந்த நாச்சிமுத்துவின் பதிலி முந்தாநாளும் நேற்றும் போதும் என்று சொல்லியிருந்தது. இன்று பத்து மணிக்கு மூன்றாவது முறையாகக் கேட்கப் போகிறார்கள்.

அவருடைய மகள் கீர்த்தனா புகார் எழுதிப் போட்டதால்தான் ஆணையத்தின் நிரலாளரான மிருதுளா இங்கே வந்திருந்தாள். புகார் சின்னதுதான். போன வாரம் அப்பாவின் பதிலி தொடரட்டும் என்றது, அதற்கு முன்னால் ஒருநாள் போதும் என்றது, அடுத்த நாளே மாற்றிச் சொன்னது. அப்பா ஆயுசில் பேச்சு மாறியவர் இல்லை, உங்கள் பதிலிக்குத்தான் கிறுக்குப் பிடித்திருக்கிறது. மிருதுளாவின் மேலதிகாரி பிரபாகர் அதைப் படித்துவிட்டு, பதிலி தப்புப் பண்ணாது, போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார். பிரபாகர் எல்லாப் புகாருக்கும் இதையேதான் சொல்வார்.

ஆனால் வரும் வழியிலேயே கீர்த்தனா சொல்வதுதான் சரி என்று மிருதுளாவுக்குத் தெரிந்துவிட்டது. ஒரே மதிப்பை உள்ளே வைத்து மூடிய சார்பு ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொல்ல முடியாது.

"அது எப்படி முடியாதுன்னு சொல்றீங்க? எங்கண்ணு முன்னால சொல்லிருக்குதே," என்றாள் கீர்த்தனா. தூக்கமில்லாமல் அவள் கண்கள் சிவந்திருந்தன.

"உங்க ஊர்ல மாசமா இருக்கிற பொண்ணுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கிட்டுப் போவாங்கல்ல? வீட்டுல என்ன கட்டினாங்களோ அதுதான் போற இடத்துல பிரிச்சா இருக்கும். புளிச்சோறு கட்டியிருந்தா ஒருநாள் புளிச்சோறு, ஒருநாள் தயிர்சோறுன்னு வராது. பதிலியும் அப்படித்தான். என்னைக்கு மூடினாங்களோ அன்னைக்கு இருந்த மதிப்பு அப்படியே உள்ள இருக்கணும்."

"அப்பத் தெறந்து பாருங்க."

திறந்து பார்க்கும் கருவி ஆணையத்திலேயே இரண்டு பேரிடம்தான் இருந்தது. மிருதுளா அதில் ஒருத்தி. அதற்கும் மனைவியின் ஒப்புதல் வேண்டும். நாச்சிமுத்துவின் மனைவி ராமாத்தாள் சுவரோரம் ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். இரண்டு மாதமாக அந்த வராந்தாதான் அவருக்கு வீடு. விரலை வைக்கச் சொல்லித் திரையை நீட்டியபோது கண்ணாடி வளையல்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை தெரிந்தது. சர்க்கரை அளவு பார்ப்பதற்காக இருக்கும் என்று மிருதுளா நினைத்துக்கொண்டாள்.

"தெறந்தா அவருக்கு வலிக்குமுங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டார் ராமாத்தாள்.

வலிக்காது என்று மிருதுளா சொன்னாள். அவர் கைநாட்டு வைத்துவிட்டு, மகள் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்று கவலைப்பட ஆரம்பித்தார்.

கருவி ஓடி முடிந்து திரையில் விரிந்தது. மிருதுளா ஓர் எண்ணை எதிர்பார்த்தாள். எண் இல்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முகவரி இருந்தது. சோற்றைக் கட்டித் தராமல், இந்த அடுப்படிக்குப் போய்ப் பார்த்துக்கொள் என்று விலாசத்தை எழுதிக் கட்டியிருந்தார்கள். அந்த முகவரியைத் தொடர்ந்து போனால் ஒரு பெட்டி. பெட்டியின் பெயர் 'இப்போது முன்னால் இருப்பவர்'. உள்ளே ஒரு மதிப்பு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லேசாக ஏறி இறங்கியது. மதிப்புக்குப் பக்கத்தில் ஒரு பெயர்.

ராமாத்தாள்.

தப்பான கோப்பைத் திறந்துவிட்டோம் என்று நினைத்து மூடித் திறந்தாள். அதே பெயர். எரிச்சலோடு இன்னொரு முறை மூடித் திறந்தாள். அதற்குள் மதிப்பு கொஞ்சம் இறங்கியிருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தபோது, எதிரே கீர்த்தனா அம்மாவிடம் ஏதோ கடுகடுவென்று பேசிக்கொண்டிருந்தாள். ராமாத்தாள் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார்.

மிருதுளா எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் கட்டியிருப்பது என்ன என்று கேட்டாள்.

ராமாத்தாள் சொன்ன கதை இதுதான். நாலு வருடத்துக்கு முன்னால் சூலூர்ப் பக்கம் அவர்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் பதிலி முகாம் நடந்தது. ஊரில் நாச்சிமுத்து சொன்னால் எடுபடும். நாலு பேருக்கு நல்லது என்று வீடுவீடாகப் போய் எல்லோரையும் கூட்டிவந்தவர் அவர்தான். வந்த ஜனத்துக்குச் சோறு போட வேண்டாமா, ராமாத்தாள் சமையல்கட்டில் நின்றார். எல்லோரும் போய்க் கையை நீட்டினார்கள். ஒருவர் கையிலிருந்து அவிழ்த்த பட்டையை அடுத்தவர் கையில் கட்டினார்கள், இருந்தது ஒரே பட்டை. எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி முடிந்தபிறகு, அட நீங்களும் இருக்கிறீர்களே என்று கடைசியாக இவரைக் கூப்பிட்டார்கள்.

"எங்க ஊட்டு விசேசத்துல நான் என்னிக்குங்க மொதப் பந்தில உக்காந்தேன்? ஒறம்பரைச் சனமெல்லாம் தின்னு முடிக்கோணும், அப்பறந்தான். அன்னிக்கும் அப்படித்தானுங்க. கட்டுனாங்க, கேட்டாங்க, கழட்டாதீங்கன்னாங்க. அவிக பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பொட்டியக் கட்டிட்டுப் போயிட்டாங்க. கழட்டறதுக்கு ஆரும் வரலைங்க. நானுங் கழட்டலைங்க."

மிருதுளாவுக்கு அந்த முகாமில் உட்கார்ந்திருந்த நிரலாளன் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒவ்வொருவர் வரும்போதும் பெட்டியில் இருந்த மதிப்பைப் பிரதியெடுத்து உள்ளே வைத்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் பெட்டியின் விலாசத்தையே எல்லோருக்கும் கட்டிக் கொடுத்திருக்கிறான். முதல் வருடம் படிக்கிற பிள்ளைகள் செய்து திட்டு வாங்கும் தப்பு அது. அடுத்தவர் வந்ததும் முன்னவரின் மதிப்பு அழிந்தது. கடைசியாக வந்தவருக்கு அடுத்தவர் இல்லை, பெட்டியில் அவரே தங்கிவிட்டார். பட்டை உடம்புச் சூட்டிலேயே ஓடும் ரகம். நாலு வருடமாக ராமாத்தாளின் தூக்கத்தையும் பசியையும் அலுப்பையும் அது அந்தப் பெட்டியில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. நாச்சிமுத்து என்ன நினைத்தார் என்பது இப்போது உலகத்தில் எங்கேயும் இல்லை.

அவள் இன்னொன்றையும் பார்த்தாள். அந்தப் பெட்டியை யார் யாருடைய பதிலிகள் நோக்குகின்றன என்று கருவியிடம் கேட்டாள். திரை கீழே கீழே உருண்டுகொண்டே போனது. அன்று மண்டபத்துக்கு வந்த ஊரே அதில் இருந்தது. பெரும்பாலானவர்கள் நன்றாக நடமாடிக்கொண்டிருப்பவர்கள், அவர்களுடைய பதிலியை இன்னும் யாரும் கூப்பிடவில்லை. தினமும் கேட்கப்படுபவர்கள் இரண்டே பேர். ஒருவர் நாச்சிமுத்து. இன்னொருவர் சம்பூரணம், திருப்பூரில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறார். அவருக்கும் இரண்டு காலை போதும் என்று வந்திருந்தது. அவருக்கும் பத்து மணிதான்.

மணி ஒன்பதாகிக்கொண்டிருந்தது.

பிரபாகர் போனை எடுத்ததே பெரிய காரியம். முழுவதையும் கேட்டுவிட்டு, அந்த முகாமின் பதிலிகளை நிறுத்திவைக்க மூன்று உறுப்பினர் குழு கையெழுத்துப் போட வேண்டும் என்றார். குழு சென்னையில் ஒரு கூட்டத்தில் இருக்கிறது. மதியம் ஆகிவிடும். அதுவரை யாரிடமும் மூச்சு விடாதீர்கள் என்றார். அந்தப் பட்டையை நானாவது கட்டிக்கொள்ளட்டுமா என்று மிருதுளா கேட்டாள். வேறு கைக்கு மாற்ற அதே குழுவின் அனுமதி வேண்டும். கழற்றிவிட்டால்? கழற்றினால் கடைசியாக இருந்த மதிப்பு அப்படியே நின்றுவிடும். ஒரு கோட்டுக்குக் கீழே இருந்தால் பதில் 'போதும்'; அந்த மதிப்பு கோட்டுக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று அவள் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

இங்குள்ள மருத்துவரிடம் போனாள். நல்ல மனிதர், ஆனால் சட்டத்துக்குப் பயந்தவர். ஆணையத்தின் உத்தரவு எழுத்தில் இல்லாமல் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது, மூன்றாவது போதும் வந்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும், எனக்கும் குடும்பம் இருக்கிறது என்றார். திருப்பூரில் போனை எடுக்கவே ஆள் இல்லை. எடுத்த ஒருவரும் பார்வை நேரம் மாலை நாலு மணி என்று சொல்லிவிட்டு வைத்தார்.

சரி, பிழையைத் திருத்த முடியாது, மதிப்பையாவது ஏற்றுவோம் என்று மிருதுளா முடிவு செய்தாள். கேன்டீனிலிருந்து இட்லி வாங்கி வந்து ராமாத்தாளிடம் நீட்டினாள். அவர் அதை அப்படியே மகள் பக்கம் தள்ளினார். கீர்த்தனா வேண்டாம் என்றாள். அப்படியானால் உள்ளே இரவெல்லாம் வேலை பார்த்த அந்த நர்ஸ் பிள்ளைக்குக் கொடுக்கலாம், மேடம்கூட ஒன்றும் சாப்பிட்ட மாதிரி தெரியவில்லையே என்றார். காபி வாங்கித் தந்தால் அது பக்கத்துப் படுக்கைக்காரரின் உறவினருக்குப் போனது. கொஞ்ச நேரம் படுங்கள் என்றால், கேட்கிற நேரத்தில் நான் படுத்திருந்தால் நன்றாக இருக்குமா என்றார். திரையில் மதிப்பு ஏறவே இல்லை. மிருதுளாவுக்கு ஏறியது ரத்த அழுத்தம்தான்.

ஒன்பதரைக்கு அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"அம்மா, நீங்க சாப்பிட்டாத்தான் அவர் இருப்பார்," என்றாள்.

சொல்லிவிட்ட பிறகு பாதியில் நிறுத்த முடியவில்லை. பட்டை, பெட்டி, விலாசம், எல்லாவற்றையும் சொன்னாள். கீர்த்தனா பிரமை பிடித்ததுபோல் நின்றாள். போன வாரம் அப்பா இருக்க வேண்டும் என்று சொன்னதாக ஊரெல்லாம் போன் போட்டவள் அவள். அது அம்மாவுக்குக் கொஞ்சம் தூக்கம் வந்த வாரம். முந்தாநாள் போதும் என்று வந்ததற்கு, நீதான் அப்பாவைக் கைகழுவிவிட்டாய் என்று அம்மாவிடம் கத்தியவளும் அவள்தான். அது உண்மைதான் என்று இப்போது ஓர் அதிகாரி வந்து சொல்கிறாள். கீர்த்தனா மெல்ல அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ராமாத்தாள் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப, அவரு சொன்னாருன்னு நீங்க இத்தன நாளாச் சொன்னதெல்லாம் நாஞ் சொன்னதுங்களா?"

"ஆமாம்மா. நீங்க சொல்லலை. உங்க உடம்பு சொல்லிடுச்சு."

"ஆறுச்சாமியண்ணனும் அன்னிக்கு மண்டபத்துல இருந்தாருங்களே."

மிருதுளாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. இன்று கேட்கப்படுபவர்களை மட்டும்தான் அவள் தேடிப் பார்த்திருந்தாள். இரண்டு வீடு தள்ளி இருந்தவர் என்றார் ராமாத்தாள். என் வீட்டுக்காரர் வாசலில் மயங்கி விழுந்தாரே, அதற்கு மறுநாளிலிருந்து மூன்று நாள் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றார். விழுந்து இரண்டு வாரம் ஆகும்வரை ஒருவருடைய பதிலியைக் கேட்கக்கூடாது என்பது விதி, அதனால் நாச்சிமுத்துவை அந்த மூன்று நாளும் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆறுச்சாமி அதற்கு முன்பே வேறோர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருடைய பதிலியைக் கேட்டார்கள்.

"அந்த மூணு நாளும் அவருக்குப் போதும்னுதானுங்க வந்துது, மூணாம் நாளே மிசின எடுத்துட்டாங்க," என்றார் ராமாத்தாள்.

மிருதுளா திரையைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். மதிப்பு கல்லைப் போட்டதுபோல் இறங்கிக்கொண்டிருந்தது. சொல்லியிருக்கவே கூடாது என்று தன்னைத்தானே நொந்துகொண்டாள். ராமாத்தாளின் கண்கள் நிறைந்துவிட்டன. முந்தானையை எடுத்தார்.

"அம்மா, அழாதீங்க. பத்து மணி வரைக்கும் அழாதீங்க. சம்பூரணம்னு ஒருத்தங்க திருப்பூர்ல இருக்காங்க, அவங்களையும் உங்ககிட்டதான் கேக்கப் போறாங்க."

முந்தானை பாதி வழியில் நின்றது. ராமாத்தாள் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இரண்டு மாதத்தில் முதல்தடவையாக அந்த முகத்தில் அலுப்பைத் தவிர வேறொன்று தெரிந்தது.

"ஏனுங் அம்மிணி, நிம்மதியா ஒரு அழுக அழுகறதுக்குக்கூட எனக்குக் குடுத்து வெக்கலையா?"

யாருடைய பதிலுக்கும் காத்திருக்காமல் எழுந்தார். இட்லிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு, தள்ளாடாமல் தடுமாறாமல், நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போனார். மிருதுளாவும் கீர்த்தனாவும் பின்னாலேயே ஓடினார்கள். உள்ளே சாப்பாடு கொண்டுவரக்கூடாது என்று நர்ஸ் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. நாச்சிமுத்துவின் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பொட்டலத்தைப் பிரித்து ஒரு விள்ளல் இட்லியை வாயில் போட்டு மென்று விழுங்கினார். பிறகு புருசனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"நாலு பேருக்கு நல்லதுன்னு ஊரையே கூட்டிக்கிட்டு வந்தீங்களே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? ஆக்கிப் போட்டது ஆரு? எச்சலை எடுத்தது ஆரு? கடைசீல கையக் கொண்டான்னு கட்டி உட்டுட்டுப் போனீங்க. இப்பப் பாருங், உங்க உசுரு, சம்பூரணத்து உசுரு, மண்டபத்து உசுரு பூராத்தையும் என்ற தலைல வெச்சுட்டு நீங்க பாட்டுக்குப் படுத்துக்கிட்டீங்க."

அது ஆரம்பம்தான். கல்யாணமான வருடம் நோம்பிப் பண்டிகைக்குத் தாய்வீடு அனுப்பாததில் தொடங்கினார். தறி வாங்கியதும் விற்றதும் தன்னைக் கேட்காமல் என்பதைச் சொன்னார். ரேடியேட்டர் போல் கொதிக்கும் கோபத்தை வைத்துக்கொண்டு ஊருக்குப் பஞ்சாயத்துப் பேசப் போனதைச் சொன்னார். மாத்திரையை ஒளித்து வைத்துவிட்டுப் போட்டுவிட்டேன் என்று பொய் சொன்னது வந்தபோது குரல் உயர்ந்தது, அதனால்தானே விழுந்தீர்கள் என்றார். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் நடுவில் ஒரு விள்ளல் இட்லி. சட்னி போதவில்லை என்று மிருதுளாவையும் ஒரு பிடி பிடித்தார்.

திட்டத் திட்ட மதிப்பு ஏறியது. மிருதுளா முதலில் நம்பவில்லை. பிடிப்பு என்றால் சந்தோஷம் என்று இத்தனை காலமாக நினைத்திருந்தாள், ஆணையத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். பட்டைக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. ராமாத்தாளின் நாடி படபடத்தது, குரல் கணீரென்றிருந்தது, பசி தெரிந்தது. கீர்த்தனா புரிந்துகொண்டு, "அன்னிக்கு என்ற நிச்சயத்துல பண்ணுனாரே, அதச் சொல்லும்மா," என்று எடுத்துக் கொடுத்தாள். அது போதுமானதாக இருந்தது. மதிப்பு கோட்டைத் தாண்டிப் போனது.

பத்து மணிக்குக் கட்டிலின் தலைமாட்டுத் திரை ஒளிர்ந்தது. தொடரட்டுமா, போதுமா. ராமாத்தாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நிச்சயதார்த்தத்தில் சம்பந்தியை நிற்கவைத்துப் பேசிய கதை இன்னும் முடியவில்லை.

தொடரட்டும் என்றது பதிலி.

திருப்பூரிலும் அதுதான் வந்தது என்று தெரிய இன்னும் அரைமணி ஆனது. ராமாத்தாள் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினாரே தவிர, முகத்தைத் தளரவிடவில்லை. உத்தரவு வரட்டும் என்றார். பட்டை கட்டிய கையை மடியில் வைத்து, மற்ற கையால் அதைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் படுக்கைக்காரரின் உறவினர் ஆறுதலாக ஏதோ சொல்ல வந்தபோது, அப்புறம் பேசலாம் என்று அனுப்பிவிட்டார்.

மதியம் ஒரு மணி தாண்டித்தான் உத்தரவு வந்தது. வழக்கம்போல் ஊரின் பெயரைத் தப்பாக அடித்து அனுப்பி, திருத்தி மறுபடியும் அனுப்பினார்கள். அந்த முகாமின் பதிலிகள் எல்லாம் நிறுத்திவைக்கப்பட்டன. மிருதுளா குனிந்து ராமாத்தாளிடம் மெதுவாகச் சொன்னாள். இனி பதிலியைக் கேட்க மாட்டார்கள், நாச்சிமுத்துவுக்கு என்ன செய்வது என்று இவரைத்தான் நேரில் கேட்பார்கள் என்றாள்.

"வாயத் தெறந்து என்னையவே கேப்பாங்களா?"

"ஆமாம்மா."

"கேக்கட்டும். நாளைக்குச் சொல்றேன்னு சொல்லுங்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆறுச்சாமியண்ணன் சம்சாரத்துகிட்ட நானே போய்ச் சொல்லோணும். நீங்க ஆரும் போகாதீங்க."

மிருதுளா சரி என்றாள். பட்டையைக் கழற்றக் கையை நீட்டினாள். நாலு வருடத்தில் தோலோடு ஒட்டிப்போயிருந்த அது சுலபமாக வரவில்லை. கழன்றபோது அடியில் வெளுத்த ஒரு வளையம் இருந்தது.

"இனி அழுதா ஆருக்கும் ஒண்ணும் ஆகாதுங்களா அம்மிணி?"

"ஆகாதும்மா."

ராமாத்தாள் முந்தானையை எடுத்தார். வாய்விட்டு, வார்டு முழுக்கக் கேட்கும்படி அழுதார். கீர்த்தனா அவரைக் கட்டிக்கொண்டாள். பழக்கதோஷத்தில் மிருதுளா கையிலிருந்த திரையைப் பார்த்தாள். எதுவும் அசையவில்லை.